சிறிய சி.என்.சி. ரவுட்டரைப் பெரிதாக்குவது எப்படி? குமரி மாவட்ட மரப்பட்டறைகளில் கேட்கப்படும் கேள்விகள்

3018 என்பது 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வெட்டுப்பரப்பு கொண்ட சிறிய சி.என்.சி. ரவுட்டர், அதாவது கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம். பெயர்ப்பலகை, சின்னச் சிலுவை, கடிகாரத் தட்டு என்று அதில் கை பழகியதும் கதவுப் பலகைக்கு ஆள் வந்து நிற்பார். அப்போதுதான் பரப்பு போதாது என்பது உறைக்கும். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்துப் பட்டறை நண்பர்கள் இதுபற்றி என்னிடம் கேட்பவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மரவேலைக்கான பதில்கள்தான் இவை. உலோகம் வெட்டுவது வேறு கணக்கு.

நான்கடிக்கு நான்கடியாகக் கட்டிவிட்டால் எல்லா வேலைக்கும் ஆகுமே?

ஆகும் என்று தோன்றும். ஆனால் உங்களிடம் வரும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிலையின் மேல்படி ஐந்தடி நீளம் வரும், அகலமோ ஐந்தாறு அங்குலம்தான். தூண், ஊஞ்சல் பலகை, கட்டிலின் தலைமாட்டுப் பலகை, தேவாலயப் பீடத்தின் ஓரப்பட்டை எல்லாமே நீளமானவை, அகலம் குறைந்தவை. ஏழடிக் கதவைக்கூட நாம் ஒரே பலகையாகச் செதுக்குவதில்லை. சட்டம் தனி, உள்பலகை தனி. அந்த உள்பலகை இரண்டடி அகலத்தைத் தாண்டுவது அபூர்வம்.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நீளத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள், அகலத்தைக் கணக்குப் பார்த்துக் கூட்டுங்கள். 600 மி.மீ. அகலமும் 1200 மி.மீ. நீளமும் இந்த மாவட்டத்து மரவேலையில் பெரும்பகுதிக்குப் போதும். முன்பக்கத்தைத் திறந்தபடி வைத்துக்கொண்டால் அதைவிட நீளமான மரத்தையும் நகர்த்தி நகர்த்தி வெட்டலாம். மரத்தின் வேண்டாத ஓரத்தில் 8 மி.மீ. துளைகள் இரண்டை, சரியாக 600 மி.மீ. இடைவெளியில் இயந்திரமே போடட்டும். முதல் பகுதி முடிந்ததும் மரத்தை 600 மி.மீ. இழுத்து, அதே துளையில் முளைக்குச்சி செருகி, அடுத்த பகுதியைத் தொடங்குங்கள். குச்சி துளையில் இறுக்கமாக உட்கார்ந்தால் இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது.

அகலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

பிட் என்ற வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார்தான் ஸ்பிண்டில். அதைச் சுமக்கும் குறுக்குப் பாலத்தைக் கேன்ட்ரி என்கிறோம். இரு ஓரங்களில் தாங்கிய ஒரு கம்பியின் நடுவில் விசை கொடுத்தால் அது வளையும் அளவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 3018-இல் இருப்பதுபோல 10 மி.மீ. எஃகுக் கம்பிகள் இரண்டு, ஓரங்களில் சும்மா தாங்கியபடி, 40 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் 5 கிலோ விசை விழுந்தால் சுமார் 0.34 மி.மீ. வளையும். அதே கம்பிகளை 80 செ.மீ. ஆக்கினால் 2.7 மி.மீ. வளையும். ஓரங்களை இறுக்கிப் பிடித்தால் இது குறையும், ஆனால் எட்டு மடங்கு என்ற விகிதம் மாறாது. தேக்கில் ஒரு தாமரை இதழ் செதுக்கும்போது பிட் மரத்தின் கெட்டியான வரியில் ஒரு பக்கமும் மென்மையான வரியில் மறுபக்கமும் ஒதுங்கினால், இதழின் விளிம்பு ஒரே கோடாக வராது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதைச் சரிசெய்ய முடியாது.

நீளவாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ரெயிலை அடிச்சட்டத்தின் மேல் முழு நீளத்துக்கும் படுக்கவைத்துத் தாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் நீளம் மலிவு, அகலம் விலையேறியது.

கம்பியையும் ஸ்க்ரூவையும் மட்டும் நீளமாக வாங்கி மாட்டினால் போதாதா?

3018-இல் கேன்ட்ரி அசையாது, மேசைதான் முன்னும் பின்னும் போகும். அந்த அமைப்பில் 18 செ.மீ. ஓட்டத்தை 40 செ.மீ. ஆக்குவது வரை சரி. அதற்கென்றே உதிரிபாகத் தொகுப்புகள் விற்பனையில் இருக்கின்றன. அதற்கு மேல் போகாதீர்கள். அசையும் மேசைக்கு, வெட்டும் நீளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் தேவை. மரத்தின் எடையையும் மோட்டார்தான் இழுக்க வேண்டும். 1200 மி.மீ. வேண்டுமென்றால் மேசை நிலையாக நிற்க, கேன்ட்ரி ஓடும் அமைப்புக்கு மாறித்தான் ஆக வேண்டும். பழையதிலிருந்து, ஓட்டத்தின் எல்லையை உணர்த்தும் சில லிமிட் சுவிட்சுகளும் உங்கள் அனுபவமும் மட்டுமே புதியதற்கு வரும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தை எதில் செய்யலாம்? அலுமினியம் வாங்க வேண்டுமா, பக்கத்து வெல்டிங் பட்டறையே போதுமா?

இரண்டும் ஆகும். அலுமினிய ப்ரொஃபைல் என்றால் கேன்ட்ரிக்கு 40-க்கு 80 அளவுக்குக் குறையாமல் எடுத்து, 80 பக்கம் நிமிர்ந்து நிற்காமல் படுக்கையாக வருமாறு வையுங்கள். பிட் பக்கவாட்டில் தள்ளும் விசைதான் மரவேலையில் அதிகம். அந்தத் திசையில் சட்டம் தடிமனாக இருக்க வேண்டும். இடமிருந்தால் இரண்டு ப்ரொஃபைலைச் சேர்த்து எல் வடிவில் இறுக்குவது இன்னும் நல்லது.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட் அடிக்கும் வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. கனமான சதுர இரும்புக் குழாயில் அடிச்சட்டம் கட்டினால் அலுமினியத்தைவிட உறுதி, விலையும் குறைவு. ஆனால் வெல்டிங் சூட்டில் இரும்பு முறுக்கிக்கொள்ளும். ஒரு மூலையை முழுதாக ஒட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போகாமல், எல்லா மூலையிலும் புள்ளிப் புள்ளியாகப் பிடித்து, மூலைவிட்டங்களை அளந்து, பிறகு மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். ரெயில் உட்காரும் முகத்தை அப்படியே நம்பக் கூடாது. நூல் பிடித்தும் ரசமட்டம் வைத்தும் பார்த்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். முடிந்தால் அந்த முகத்தை மில்லிங் செய்து வாங்குங்கள்.

ரெயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். இரு முனையில் மட்டும் பிடிக்கும் உருண்டைக் கம்பியை விட்டுவிடுங்கள். அடியில் தாங்கு உள்ள எஸ்.பி.ஆர். 16 அல்லது 20 மரவேலைக்குப் போதும். பணம் இருந்தால் கேன்ட்ரிக்கு மட்டுமாவது 15 அல்லது 20 மி.மீ. சதுர லீனியர் கைடு போடுங்கள்.

கட்டியது உறுதியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும் மீன் நிறுக்கும் கொக்கித் தராசும் போதும். டயல் கேஜின் காந்த அடியை மேசையில் அசையாத இரும்புத் துண்டின்மேல் வைத்து, முனையை ஸ்பிண்டிலில் பிட்டைப் பிடிக்கும் கலெக்டில் தொடும்படி அமையுங்கள். மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்துப் பிடித்துவைத்த நிலையில், கேன்ட்ரியின் நடுவில் ஸ்பிண்டிலைக் கொக்கியால் 5 கிலோ காட்டும் வரை இழுங்கள். முள் 0.2 மி.மீ.க்குள் நின்றால் மரத்துக்குத் தாராளம். இழுப்பை விட்டதும் முள் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். திரும்பவில்லையென்றால் அது வளைவு அல்ல, எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது நட்டில் தளர்வான ஆட்டம் இருக்கிறது. ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சின் தகடு, கேன்ட்ரியின் கால்கள், ரெயில் என்று ஒவ்வொன்றாகக் கேஜை நகர்த்திப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். பெரும்பாலும் அது இசட் தகடாகத்தான் இருக்கும்.

லீட் ஸ்க்ரூ, பால் ஸ்க்ரூ, பெல்ட்: எது?

3018-இல் இருப்பது 8 மி.மீ. லீட் ஸ்க்ரூ. நீளமான ஸ்க்ரூ வேகமாகச் சுற்றினால் நடுவில் சாட்டைபோல் துள்ளும். அந்தத் துள்ளல் தொடங்கும் சுழற்சி வேகம், நீளம் இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றதல்ல. 16 மி.மீ. விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 அல்லது 10 மி.மீ. ஓட்டமும் உள்ள 1605, 1610 வகைப் பால் ஸ்க்ரூக்கள் 1200 மி.மீ. வரை நன்றாக ஓடும். சித்திரவேலைக்கு வேகம் தேவை என்பதால் நான் 1610-ஐத் தேர்ந்தெடுப்பேன். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகிறவர்கள் ரேக், பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும்) பக்கம் போக வேண்டும். பெல்ட் நீண்டுகொடுக்கும், லேசர் வேலைக்கு நல்லது, அயனி மரத்துக்கு அல்ல.

கேன்ட்ரிக்கு இரு பக்கமும் மோட்டார் அவசியமா?

600 மி.மீ. அகலத்தில் அவசியம் என்றே சொல்வேன். நடுவில் ஒரே ஸ்க்ரூ வைத்தால், ஸ்பிண்டில் ஓரத்துக்குப் போகும்போது கேன்ட்ரி திருகும்.

இரண்டு மோட்டார் வைத்ததும் புதிய பொறுப்பு ஒன்று வருகிறது. ஒரு பக்கம் சில ஸ்டெப்புகளை (மோட்டார் சுழலும் சிறு படிகளை) இழந்தால் கேன்ட்ரி கோணலாகிவிடும்; அதன்பின் வெட்டும் சதுரமெல்லாம் சாய்சதுரம், வட்டமெல்லாம் சாய்ந்த நீள்வட்டம். பக்கத்துக்கு ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, இரு மோட்டார்களையும் தனித்தனியாக ஹோம் செய்யும், அதாவது சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறியும் ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) போடுங்கள். இ.எஸ்.பி. 32 போர்டில் ஓடும் ஃப்ளூயிட் என்.சி.யும் ஜி.ஆர்.பி.எல்.ஹால் ஃபர்ம்வேரும் இதைச் செய்யும்.

செங்கோணத்தைச் சரிபார்க்க அடிப்பலகையில் மூன்று சிறு துளைகள் போடுங்கள். ஒரு மூலையிலிருந்து அகலவாட்டில் 600, நீளவாட்டில் 800. மீதி இரண்டு துளைகளுக்கு இடையே 1000 மி.மீ. வர வேண்டும். 1000.8 வந்தால், அகலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் கோணல் இருக்கிறது. ஆசாரிமார் மூலைமட்டம் பார்க்கும் அதே முறைதான். இதைச் சரிசெய்யாமல் ஒரு கதவுப் பலகையும் வெட்டாதீர்கள்.

பழைய மோட்டார்களும் போர்டும் ஆகாதா?

ஆகாது. 3018-இல் இருப்பவை 42 மி.மீ. முகமுள்ள நீமா 17 மோட்டார்கள். 57 மி.மீ. முகமுள்ள நீமா 23 வேண்டும். அவற்றின் மின்னோட்டத்தைப் பழைய போர்டில் செருகியிருக்கும் சின்ன டிரைவர் தாங்காது. ஒவ்வொரு மோட்டாருக்கும் டி.எம். 542 போன்ற தனி டிரைவரும் 36 வோல்ட் பவர் சப்ளையும் போடுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

போர்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய 8 பிட் போர்டில் ஜி.ஆர்.பி.எல். ஃபர்ம்வேர் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப்புகள் அனுப்பும். ஒரு மில்லிமீட்டருக்கு 800 ஸ்டெப் என்று வைத்திருந்தால் நிமிடத்துக்கு 2250 மி.மீ.தான் உச்சம். பெரிய பரப்பில் இது கையைக் கட்டிவிடும்.

ஸ்டெப் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், அதை மைக்ரோஸ்டெப்பால் (ஒரு ஸ்டெப்பை டிரைவர் பிரிக்கும் எண்ணிக்கை) பெருக்கி, ஸ்க்ரூவின் ஒரு சுற்று ஓட்டத்தால் வகுக்க வேண்டும். மைக்ரோஸ்டெப் 8, ஸ்க்ரூ 1610 என்றால் 160. பிறகு 1000 மி.மீ. ஓடச் சொல்லி அளந்து, பழைய எண்ணைச் சொன்ன தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் திருத்திய எண் கிடைக்கும். 100 மி.மீ. ஓடவிட்டு அளப்பது வீண்; அளவுகோலைப் படிப்பதில் வரும் பிழையே அதில் பெரிதாகிவிடும்.

ஸ்பிண்டில் என்ன போடலாம்?

தொடக்கத்துக்கு 65 மி.மீ. உடல் கொண்ட 700 வாட் ட்ரிம் ரவுட்டர் போதும். அது 10,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும், கார்பன் பிரஷ் தேயும், சத்தமும் அதிகம். தினமும் மணிக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு நீரால் குளிரும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில்தான் சரி. அதன் சுழல்வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. கட்டாயம்; 24,000 சுற்றுக்கு அது 400 ஹெர்ட்ஸ் கொடுக்கிறது. வி.எஃப்.டி.யிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் வயர் உலோக உறையுள்ளதாக இருக்கட்டும், உறையை எர்த்தில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் தொடாமலே லிமிட் சுவிட்ச் தொட்டதாகப் போர்டு நினைத்து நடுவேலையில் நின்றுவிடும். கடலோர மணலில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரப்பர் மரம் வெட்டும்போது ஓரம் கருகுகிறதே?

பிட் வெட்டாமல் தேய்க்கிறது. பயந்து வேகத்தைக் குறைப்பதால்தான் கருகுகிறது. சுற்று, பற்களின் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவலின் தடிமன் மூன்றையும் பெருக்கினால் ஓட்ட வேகம் வரும். 18,000 சுற்று, இரண்டு பல், 0.08 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 2880 மி.மீ. உங்கள் இயந்திரம் அவ்வளவு ஓடாதென்றால் சுற்றைக் குறையுங்கள். தரையில் மாவு விழுந்தால் பிட் தேய்க்கிறது. விரலில் எடுத்தால் சுருளாக நிற்கும் சீவல் விழுந்தால் வெட்டுகிறது. தேக்கில் உள்ள சிலிக்கா என்ற மணல்சத்து பிட்டை விரைவில் மழுக்கும். ஆகவே தேக்குக்கு ஒரு பிட்டைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய பலகைச் சித்திரம் எவ்வளவு நேரம் எடுக்கும்?

நினைப்பதைவிட அதிகம். 600-க்கு 400 மி.மீ. பலகையில் 3 மி.மீ. உருண்டைமுனைப் பிட்டால், 0.3 மி.மீ. இடைவெளியில் முடிவு ஓட்டம் என்று வையுங்கள். 1333 வரிசை, ஒவ்வொன்றும் 600 மி.மீ.; மொத்தம் 800 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 2 மீட்டர் ஓடினாலும் 6 மணி 40 நிமிடம். மேடு பள்ளத்தில் வேகம் குறைவதால் உண்மையில் இன்னும் கூடும். இடைவெளியை 0.4 ஆக்கினால் 5 மணி நேரம்; கையால் ஒரு முறை உப்புத்தாள் போடுகிற வேலைக்கு அதுவே போதும். விலை சொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால்?

ஆறு மணி நேர வேலையில், அதுவும் ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதங்களில், இதற்குத் தயாராக இல்லாமல் தொடங்கவே கூடாது.

வேலையின் தொடக்கப் புள்ளியை ஜி54 என்ற கட்டளையின் ஆயத்தில் பதிவுசெய்யுங்கள். அது போர்டின் நினைவில் மின்சாரம் போனாலும் இருக்கும். ஜி92-இல் வைத்தது போய்விடும். மின்சாரம் திரும்பியதும் பிட்டைக் கையால் மேலே தூக்கி, ஹோம் செய்து, ஜி54-இன் பூஜ்யத்துக்கு வந்தால் பழைய இடத்திலேயே நிற்கும். மென்பொருள் காட்டும் கடைசி வரி எண்ணிலிருந்து சில வரிகள் பின்னால் போய்த் தொடருங்கள். ஸ்பிண்டிலை ஓடவிட்டு, உயரத்தில் பாதுகாப்பாக வந்த பிறகே இறங்க வேண்டும். ஹோமிங் இல்லாத இயந்திரத்தில் இது எதுவும் நடக்காது.

யு.பி.எஸ். வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் யு.பி.எஸ். கொடுத்து, ஸ்பிண்டிலை நேரடி மின்சாரத்தில் விட்டால், மின்சாரம் போனதும் ஸ்பிண்டில் நிற்கும், மோட்டார்கள் சுழலாத பிட்டை மரத்துக்குள் இழுத்துக்கொண்டே போகும். பிட் முறியும், பலகையும் போகும். நேரடி மின்சாரத்தில் ஒரு ரிலேயை வைத்து, அது விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்திவைக்கும், போர்டின் ஃபீட் ஹோல்ட் முனையை இயக்கும்படி வயர் கொடுங்கள்.

மழைக்காலத்தில் ஆழம் மாறுகிறதே, ஏன்?

நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அடிப்பலகை ஈரத்தில் உப்பும், அதுவும் ஓரங்களில் அதிகமாக. போட்ட புதிதிலேயே ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். மேல்முகத்தை அகலப் பிட்டால் இழைத்துச் சமப்படுத்தும் வேலையை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் திரும்பச் செய்யுங்கள். வெட்டப்போகும் மரத்தைக் கொண்டுவந்த அன்றே ஏற்றாமல் பட்டறைக் காற்றில் சில நாள் கிடக்கவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகச் செதுக்கிய பலகை, ஈரம் சீராக இல்லாவிட்டால் மறுநாள் காலையில் கிண்ணம்போல் வளைந்திருக்கும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துரு பெரிய எதிரி. மரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்து ரெயிலில் தூளை அப்படியே விட்டுப் போனால், தூள் படிந்த இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக விழும். பேரிங் குண்டு அதன்மேல் ஓடும்போது கையில் நறநறப்புத் தெரியும். முதலில் துடையுங்கள், பிறகு மெல்லிய இயந்திர எண்ணெய் பூசுங்கள். தூளின்மேல் எண்ணெய் விட்டால் பசையாகிவிடும்.

மயிலாடிச் சிற்பிகள் செய்வதுபோல் கல்லில் செதுக்க முடியுமா?

இந்த இயந்திரத்தில் முடியாது. கருங்கல்லுக்கு வைர முனை, ஓடும் தண்ணீர், டன் கணக்கில் எடையுள்ள அடி வேண்டும். கல்லில் கோடு பதிக்க உதவும் அச்சுப் பலகைகளை மரத்திலோ எம்.டி.எஃபிலோ வெட்டிக்கொடுக்கலாம்.

இயந்திரம் வந்துவிட்டால் உளி வேண்டாமா?

வேண்டும். 3 மி.மீ. பிட் எந்த உள்மூலையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வளைவை விட்டுத்தான் போகும். அதைக் கூர்மையாக்க உளியால்தான் முடியும். பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்து மேற்கூரையைப் போய் நிமிர்ந்து பாருங்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத 90 பூக்கள். ஒரே பூவைக் கணினியில் 90 முறை நகலெடுத்துப் போட்டால் வரும் பலகைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை வாடிக்கையாளர்கூடச் சொல்லிவிடுவார். வேண்டாத மரத்தை வெட்டியெடுக்கும் சுமையை இயந்திரத்திடம் கொடுங்கள், கடைசி முகத்தை ஆசாரியிடம் கொடுங்கள். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

தூசிக்கு என்ன செய்வது?

ஸ்பிண்டிலைச் சுற்றித் தூரிகை வளையம், அதிலிருந்து குழாய், நடுவில் சைக்ளோன் வாளி, கடைசியில் வாக்குவம். நல்ல முகக்கவசம் அதற்கு மேல். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத்திணறலும் தரும்; எம்.டி.எஃப். தூள் அதைவிட நுண்ணியது, பிசின் கலந்தது.

பழைய 3018-ஐ விற்றுவிடலாமா?

புதியது ஓடத் தொடங்கும் வரை வேண்டாம். மோட்டார் தகடுகளிலும் இசட் தகட்டிலும் வரும் துளைகளின் இடத்தை அதிலேயே குறித்துக்கொள்ளலாம். அலுமினியத் தகட்டில் வி பிட்டால் சிறு குழியாக மட்டும் போடச் செய்து, பிறகு ட்ரில்லிங் இயந்திரத்தில் முழுத்துளை போடுங்கள். ரெயில் கட்டைகளின் நான்கு போல்ட்டும் ஒரே நேரத்தில் நுழையும். துளையை அரத்தால் இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்காது. அதன்பின்னும் பெயர்ப்பலகை வேலைக்கு அது தனியாக ஓடட்டும். பெரிய இயந்திரம் ஏழு மணி நேரக் கதவுப் பலகையில் இருக்கும்போது, கடை வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு பெயர்ப்பலகை வெட்டிக்கொடுக்க அது போதும்.